கட்டாத மூன்றாவது பொட்டலம்

தை 11, ஞாயிறு

காலையில் பனி. பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில்.

கூடத்தில் இருந்தவர்கள்: நான், இவர், அபி, அபியோடு ஆபீசில் வேலை பார்க்கும் மெர்லின். நாலு பேர். வேறு யாரும் இல்லை.

விஷயம்: மாசி முதல் வாரம் அபியும் மெர்லினும் அந்தமான் போகிறார்கள். ஹேவ்லாக் தீவு. ஆறு நாள். சுற்றிப் பார்க்க இல்லை, கடலுக்குள் இறங்க. முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய். நாற்பது அடி ஆழம்.

நாற்பது அடி என்றால் நம் மொட்டை மாடி உயரம். மேலே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அபி: "அம்மா, எங்க தங்கறதுன்னு நீயே பாத்து சொல்லு. நீ சொல்ற எடத்துலதான் தங்குவோம். அப்பவாவது நிம்மதியா இருப்ப இல்ல?"

இவர்: "யார்கிட்ட குடுக்கற பாரு. திருப்பதில ஒரு ரூம் போட மூணு மாசம் யோசிச்சவ."

மெர்லின் சிரித்ததில் காபி மூக்கில் ஏறிவிட்டது.

போகவே வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது, "அங்க சைவச் சாப்பாடு கிடைக்குமா?"

அடுத்த ஞாயிறுக்குள் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண். தடுக்கவும் முடியாது.

தை 12, திங்கள்

தோசை மாவு அரைத்தது. கேஸ் சொன்னது. தீவுக்குப் போன் போட்டது.

நம் ஊரில் தெருவுக்கு நம்பர். அங்கே கடற்கரைக்கே நம்பர்.

7ம் நம். – காட்டை ஒட்டி. படத்தில் அழகு. நாலு முறை அடித்தும் போன் எடுக்கவில்லை. வேண்டாம்.

3ம் நம். – கப்பல் துறை, கடைத்தெரு, அரசு ஆஸ்ப. எல்லாம் கிட்டே. ஜன்னலைத் திறந்தால் சுவர்.

5ம் நம். – மணலிலேயே குடில். கடலில் இறக்கிவிடுகிறவர்களும் இவர்களே. எங்கே தங்கினாலும் பிள்ளைகள் இறங்குவது இவர்களோடுதானாம், அது முன்பே முடிவாகிவிட்டது. ஆஸ்ப. ஆட்டோவில் கால் மணி.

5ம் நம்பரில் பேசினவர் தமிழர், பாண்டி என்று பெயர், ராமநாதபுரம் பக்கம்.

"அக்கா, எல்லாரும் ஏசி இருக்கா, கடல் தெரியுமான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்னு ஆரம்பிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"உள்ள மூச்சு முட்டிச்சுன்னா?"

"கூடவே ஆள் இருப்பாருக்கா. மூச்சை மட்டும் அடக்கக் கூடாது, விட்டுக்கிட்டே இருக்கணும். மேல வரும்போது அடக்கினா நுரையீரலுக்கு ஆகாது."

நுரையீரல் என்றதும் கை தானாகத் தாலியைப் பிடித்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

இன்னொன்றும் சொன்னார். கடைசியாக மூழ்கிய பிறகு ஒரு முழு நாள் விமானம் ஏறக் கூடாதாம். அபி போட்ட திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் நாள் காலை கடல், சாயங்காலம் விமானம். சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினேன். "சரி சரி, மாத்திடறேன்மா." அவ்வளவுதான் பதில். இதை நான் பார்க்காவிட்டால்?

தை 14, புதன்

மேகம். மழை இல்லை.

அடையாறு நீச்சல்குளத்தில் அபிக்குப் பயிற்சி. நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகப் போனேன். அவள் ஸ்கூட்டரில், நான் மாடவீதி முனையில் ஆட்டோ பிடித்து.

ஆட்டோக்காரர்: "இன்னாமா, இந்த வயசுல நீச்சலா?"

"எனக்கில்லப்பா. என் பொண்ணு கடலுக்குள்ள எறங்கப் போறா."

"நம்ம மச்சான் காசிமேட்டுல கீறான்மா. பொறந்ததுலேந்து கடலுக்குப் போய்க்கினுகீறான். அவனே தலைய நனைக்க யோசிப்பான். உன் பொண்ணு துட்டு குடுத்து முழுகுதா!"

சிரிக்கத்தான் வேண்டும். சிரிப்பு வரவில்லை.

அபி தண்ணீருக்குள் போனாள். தலை மறைந்தது. மேலே குமிழிகள் மட்டும். கண்ணை எடுக்காமல் அம்பாள் பெயரை எண்ணினேன். அறுபத்து மூன்றில் ஒரு கணம் குமிழி நின்றது. எனக்கும் நின்றது. பிறகு வந்தது. நூற்றெட்டு முடிந்து இன்னொரு நூற்றெட்டில் பாதியில் தலையைத் தூக்கினாள். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பு அவள் முகத்தில் பார்த்து வருஷமாகிறது.

துண்டைக் கொடுத்தேன். இருமினாள்.

"குளோரின்மா."

இருமலின் கடைசியில் ஒரு சின்ன விசில். வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

வரும் வழியில் கீரை வாங்க மறந்தேன்.

தை 16, வெள்ளி

விடியற்காலையில் கோயில். தைப்பூசத் தெப்பத்துக்குக் குளத்தில் டிரம்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படியில் நின்று பார்க்க முடியவில்லை. தண்ணீர்ப் பக்கம் திரும்பாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பூக் கட்டிப் பார்க்க முடிவு செய்தேன். அபியின் கல்யாணப் பேச்சுக்கு, வீடு மாறினதற்கு, எல்லாவற்றுக்கும் கேட்டுத்தான் செய்திருக்கிறேன். வெள்ளை நந்தியாவட்டை என்றால் 3ம் நம். சிவப்பு அரளி என்றால் 5ம் நம். வாழையிலையில் மடித்து ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். விளக்கு முன்னால் வைத்தேன். உள்ளே இருப்பது தெரியாதவர் எடுக்க வேண்டும்.

இவரைக் கூப்பிட்டால், "உங்கம்பாளுக்கு ஹேவ்லாக் தெரியுமா?" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

அப்போது மெர்லின் வந்தாள், அபியின் நீச்சல் பையைக் கொடுக்க. அபி ஆபீசிலிருந்து இன்னும் வரவில்லை.

"நான் எடுத்தா உங்க சாமி ஒத்துக்குமா ஆன்ட்டி?"

"யார் எடுத்தாலும் குடுக்கறது அவதான். எடும்மா."

சிலுவை போட்டுக்கொண்டு எடுத்தாள். சிவப்பு. 5ம் நம்.

"சூப்பர் ஆன்ட்டி! ஈஸியா போச்சு. மெடிக்கல் ஃபாரமும் போன வாரமே அவங்களுக்கு அனுப்பிட்டோம். நெறைய கேள்வி. நானும் அபியும் உக்காந்து எல்லாத்துக்கும் இல்ல, இல்ல, இல்லன்னு போட்டு அஞ்சு நிமிஷத்துல முடிச்சோம்."

காட்டச் சொன்னேன். அபியுடையது அவள் போனில் இருந்தது. எட்டாவதோடு நின்றவள் நான். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிக் கூட்டி நானாகக் கற்றதுதான். ஆஸ்துமா என்ற வார்த்தை மட்டும் எழுத்துக் கூட்டாமலே படிக்க வரும். எந்த வயதிலாவது ஆஸ்துமா, இழுப்பு இருந்ததா?

இல்லை. கீழே அபிராமி என்று கையெழுத்து.

மெர்லின் போன பிறகு பரணில் இருந்து பழுப்பு அட்டை நோட்டை இறக்கினேன். மேலே "அபி மூச்சு" என்று என் கையெழுத்து. நாலு வயது முதல் பதிமூன்று வரை. தேதி, நேரம், என்ன சாப்பிட்டாள், மழையா வெயிலா, நெபுலைசர் எத்தனை தரம். மொத்தம் நாற்பத்தேழு முறை. கடைசிப் பதிவு ஐப்பசி மழையில்: "இரண்டு தரம் வைத்தது. விடிந்ததும் சரி. அம்பாளுக்கு மாவிளக்கு." அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். இந்த வெறும் பக்கங்களுக்காக எவ்வளவு வேண்டியிருக்கிறேன்.

திங்களன்று கை ஏன் தாலிக்குப் போனது என்று இப்போது தெரிகிறது.

தை 17, சனி

சமையலறை. அபி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நோட்டை மேடையில் வைத்தேன்.

"பதிமூணு வருஷமா ஒண்ணும் வரலம்மா."

"அப்ப எழுதறதுல என்ன?"

"எழுதினா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. அவர் வேணாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம்தானே?"

கத்தியைக் கீழே வைத்தாள். "ஸ்கூல் டூருக்கு அனுப்பல. மெரினால கால் நனைக்க விடல. பயந்து பயந்து நீ எழுதின நோட்டு இது. என் நோட்டு இல்ல."

"நோட்டுல பயம் எழுதலடி. தேதி எழுதியிருக்கு."

"நீ யார்கிட்டயாவது சொன்னேன்னா, இனிமே உங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன்."

போய்விட்டாள். வெங்காயம் பாதியில்.

இவர் வந்து மிச்சத்தை நறுக்கினார். கேலி பேசாத இவரைப் பார்த்தால் இன்னும் பயம்.

என் தப்பு என்ன என்று யோசித்தேன். இரண்டு பொட்டலம் கட்டினேன். எதை எடுத்தாலும் போவது போவதுதான். தண்ணீரில் இறங்கலாமா என்று ஒரு பொட்டலம் கட்டவில்லை. பதிலுக்குப் பயந்து பக்கத்துக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். கட்டியிருந்தாலும் அது அம்பாளிடம் கேட்கிற கேள்வி இல்லை. நுரையீரலைச் சோதித்துப் பார்க்கிறவர் சொல்ல வேண்டியது.

இன்னொரு பயமும் இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன். வேண்டாம் என்று பதில் வந்தால் நான் உள்ளுக்குள் சந்தோஷப்படுவேன். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும்.

தை 18, ஞாயிறு. பூசம்

வெயில். கோயில் பக்கம் ஒலிபெருக்கி. சாயங்காலம் தெப்பம்.

சொல்ல வேண்டிய நாள் இன்று. பாண்டிக்குச் செய்தி எழுதினேன். அபிக்குத் தெரியாமல் அனுப்பினால் நானும் அந்த ஃபாரம் மாதிரி மறைக்கிறவள்தான். அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று உரக்கப் படித்தேன். முழுதும்.

"அனுப்பட்டுமா அபி?"

உள்ளிருந்து: "புதன்கிழமை இருமினேன் இல்ல. அதையும் போடு."

குளோரின் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நாலு நாளாக அவளும் தனியாகப் பயந்துகொண்டு.

சேர்த்தேன். அனுப்பினது இது:

"வணக்கம் தம்பி. அபிராமியின் அம்மா எழுதுகிறேன், திங்கட்கிழமை ஆஸ்பத்திரி தூரம் கேட்டவள். உங்களிடமே அறை வேண்டும். இரண்டு பேர், ஆறு நாள். அதற்கு முன்னால் ஒன்று. அபிராமி அனுப்பிய ஃபாரத்தில் ஒரு பதில் தவறு. நாலு வயது முதல் பதிமூன்று வரை அவளுக்கு மூச்சிழுப்பு இருந்தது. பிறகு இல்லை. போன புதன்கிழமை நீச்சல்குளப் பயிற்சிக்குப் பின் கொஞ்சம் இருமல், விசில் சத்தத்தோடு. இதைச் சொல்லச் சொன்னது அவள்தான். எந்த டாக்டரிடம் காட்ட வேண்டும், என்ன சோதனை, இறங்கலாமா கூடாதா? கூடாது என்றாலும் அறை வேண்டும், கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும். உங்கள் பதில் வந்த பிறகுதான் கடலில் இறங்குகிற பேச்சு. சீக்கிரம் சொல்லுங்கள்."