நான் கொடுக்காத சம்மதம்

16.10.2007, செவ்வாய்

இன்று நோர்வே நாடாளுமன்றச் சுற்றாடல் குழுவின் முன் பேசினேன். நாங்கள் குடியிருக்கும் ஹவுகன்ஸ்டுவாவில் எங்கள் மாடிவீடுகளுக்குப் பின்னாலுள்ள காட்டை வீடு கட்டக் கொடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் குடியிருப்பாளர்கள் என்னை அனுப்பினார்கள். மூன்று நிமிடம் தந்தார்கள். நன்றாகவே சொன்னேன்.

பிறகு ஓர் உறுப்பினர், "காட்டின் ஓரத்தில் மட்டும் கட்டினால் உங்களுக்கு ஆட்சேபம் இராது என்று நினைக்கிறேன்," என்று நீட்டி நீட்டிப் பேசினார். கவனிக்கிறேன் என்று காட்டுவதற்காக நான் இடையிடையே நோர்வே மொழியில் "யா, யா", அதாவது ஆம், ஆம் என்றேன். தமிழில் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டிருப்போமே, அந்த மாதிரி.

"நல்லது, அவர்களுக்கும் சம்மதம்," என்று எழுதிக்கொண்டார். நான் மறுக்குமுன் தலைவர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி வாசுகி சிரித்தாள். "என்னோடை கதைக்கேக்கையும் உப்பிடித்தானே ஓம் ஓம் எண்டுறனீங்கள். நான் எழுதி வைக்கிறேல்லை, அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாலையில் கீழ்வீட்டு நோர்வேக்காரம்மா படிக்கட்டில் மறித்து, எப்படிப் போனது என்று ஆவலாகக் கேட்டார். காட்டுக்காக வீடு வீடாய்க் கையெழுத்து வாங்கியவர் அவர். நல்லாப் போனது என்று சொல்லிவிட்டேன்.

குழுவுக்குத் திருத்தம் கேட்டு எழுதிவிடலாம். நாளை காலை அந்த அம்மாவின் கதவைத் தட்டுவதுதான் எப்படி என்று தெரியவில்லை.