பாத்தியில் விளைவது

மரக்காணம்
8.1.2025

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நான் நலம். முட்டிதான் நலமில்லை. "முட்டி வீக்கம் வத்துற வரைக்கும் உங்களோட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று நீ மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிப் பத்து நாளாகிறது. போன் போட்டால் கட் செய்கிறாய். எழுதக்கூடாது என்று சொல்லவில்லையே! கிளியனூரிலிருந்து மொபெட்டில் கீரை கொண்டுவரும் தட்சணாமூர்த்தியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ வைத்த கொள்ளுக் கஞ்சியை எல்லார் எதிரிலும் மாட்டுத்தீனி என்றது தப்புதான். அதற்காக இப்படியா? பொங்கல் கழிந்தால் உப்பளத்தில் இறங்கிப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இந்த முட்டியோடு இறங்கினால் சேற்றிலிருந்து என்னைத் தூக்க நாலு பேர் வேண்டும். நீ இல்லாத வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை.

புருஷோத்தமன்

கிளியனூர்
10.1.2025

சத்யப்ரியா அப்பாவுக்கு வணக்கம்.

பேசமாட்டேன் என்றதால் எழுதுகிறேன். இங்கிருந்தே ஆரோவில் சமையல்கட்டு வேலைக்குப் போய்வருகிறேன். அங்கே எழுபது வயது வெள்ளைக்காரர் பச்சை இலையும் பருப்பும் தின்று சைக்கிள் மிதிக்கிறார். உங்களுக்கு ஐம்பத்தைந்துதான்.

டாக்டரம்மா பத்தியம் சொல்லும்போது நீங்கள் வெளியே டீக் குடிக்கப் போய்விட்டீர்கள். கேளுங்கள்: பொரித்தது, பரோட்டா, சர்க்கரை, ஆட்டுக்கறி வேண்டாம். மீன் வாரம் இரண்டு நாள், குழம்பில் மட்டும். மஞ்சள், மிளகு சேருங்கள். பாத்தியில் விளைவதை நிறையச் சாப்பிடுங்கள். அதுதான் வீக்கத்துக்கு மருந்து.

ரேணுகா

மரக்காணம்
16.1.2025

அன்புள்ள ரேணுகா,

பொங்கலுக்கும் வரவில்லை. இருக்கட்டும். பரோட்டாக் கடைப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கவில்லை. நீ சொன்னபடி பாத்தியில் விளைவதைச் சோற்றில் ஒரு பிடி, மோரில் ஒரு பிடி, கீரை மேல் ஒரு பிடி என்று போட்டுச் சாப்பிடுகிறேன். நாக்கு வெந்துவிட்டது. குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறேன். முட்டி பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது, செருப்பும் நுழையவில்லை. முப்பது வருஷமாக அள்ளுகிறோம், நம் உப்பில் இவ்வளவு மருந்து இருப்பது தெரியாமல் போயிற்றே! இன்னும் எத்தனை நாள் சாப்பிட வேண்டும்?

புருஷோத்தமன்

கிளியனூர்
17.1.2025

ஐயோ, சத்யப்ரியா அப்பா!

நான் சொன்னது கீரைப் பாத்தி, கத்தரிப் பாத்தி! உப்புப் பாத்தியையா சொல்வேன்? உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டரம்மா. அதை எழுத விட்டுவிட்டேன். உப்பளத்துக்காரருக்குப் போய்ப் பாத்தி என்று எழுதினேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நான் வாசிக்கக் கேட்டு மருமகன் ஜெயப்பிரகாஷ் சிரித்ததில் டீ மூக்கில் ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து அழுதேன். உடனே போய்ப் பிரஷர் பாருங்கள்.

ரேணுகா

மரக்காணம்
8.2.2025

அன்புள்ள ரேணுகா,

ஏறியிருந்த பிரஷர் இறங்கிவிட்டது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, கொள்ளு எல்லாம் நானே வேகவைக்கிறேன். உப்பு பேருக்குத்தான். உப்பளத்தில் சகாதேவன், "ஏம்பா, ஆடு மாதிரி தழையா மேயறியே" என்றான். "என் பொண்டாட்டி வரணும்டா" என்றேன்.

வீக்கம் முழுக்க வத்திவிட்டது என்று எழுதி உன்னை வரவழைக்கத்தான் பேனாவை எடுத்தேன். மனசு வரவில்லை. முக்கால்வாசிதான் வத்தியிருக்கிறது. ஆனால் நேற்று பாத்தியில் இறங்கி மிதித்தேன், யாரும் தூக்காமல் ஏறியும் வந்தேன்.

புருஷோத்தமன்

கிளியனூர்
9.2.2025

என் அன்புள்ள உங்களுக்கு,

எனக்குக் கோபமே இல்லை. நீங்கள் எனக்கு முன்னால் போய்விடுவீர்களோ என்ற பயம். அதைச் சொல்லத் தெரியாமல்தான் பஸ் ஏறினேன்.

மிச்சக் கால்வாசியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். நாளைக் காலை எட்டு மணிக்குக் கிளம்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். வேண்டாம், நிற்காதீர்கள், முட்டி வலிக்கும். உட்கார்ந்தே இருங்கள்.

ரேணுகா