பின்னாலிருந்து எடுத்த படம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நலம்.

சலவைக்கூடத்தில் தொப்பியைக் கழற்றினால் பாதி முடி அதோடு வருகிறதென்று டாக்டரிடம் போனேன். முடி வளரவும் உதவுமாம், ரத்த அழுத்த மாத்திரை ஒன்றையே மிகக் குறைந்த அளவில் தினமும் விழுங்கச் சொன்னார். "முதல்ல இன்னும் கொட்டும், பயந்து நிறுத்திடாதீங்க. மாசாமாசம் வீட்டுல யாரையாவது பின்தலையைப் படம் எடுக்கச் சொல்லுங்க," என்றார். சிரித்துவைத்தேன். போனை அலமாரியில் சாய்த்து நானே எடுத்துக்கொள்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படம் வேண்டும். நான் இங்கே வேலைக்குக் கிளம்பிய அன்று பின்னாலிருந்து எடுத்தீர்களே, அதை அனுப்புங்கள். "கல்நெஞ்சுக்காரி, திரும்பிக்கூடப் பாக்கல" என்று அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வாளே, அதுதான்.

திரும்பியிருந்தால் கிளம்பியே இருக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்