கதவைத் திறம்மா

அன்புள்ள அக்கா,

நேற்று என் வகுப்புப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். வேறு மொழி பேசும் குடும்பம் ஒன்று குடிவருகிறது. பக்கத்து வீட்டார் கதவு திறப்பதில்லை. வகுப்பில் அந்த மொழியைக் கிண்டலடித்த வாலுப் பையனுக்கே வந்தவர் வேடம் கொடுத்திருந்தேன். தட்டித் தட்டி நிஜமாகவே அழுதுவிட்டான். உள்ளே இருந்த சிறுமி வசனம் மறந்து நின்றாள்.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எவ்வளவு நேரம் நிக்க வைப்பே? கதவைத் திறம்மா!"

நம் அப்பா.

அரங்கமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. திரும்பும் வழியில் கேட்டார்: "அக்கா வீட்டுக்காரருக்கு நம்ம பேச்சு புரியுமா?"

"என்னைவிட நல்லாப் பேசுவார்ப்பா."

உன் கல்யாணத்துக்குப் பிறகு அத்தானைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.

இன்னொரு முறை இருவரும் வந்து தட்டுங்கள், அக்கா.

பெருமையில் கால் தரையில் பாவாத,
உன் தங்கை