தலைகீழாய் ஒட்டிய லேபிள்

மார்ச் 3, ஞாயிறு

என் மனைவி இந்தச் சமையலறையை அடுக்கியது ஆற்றுப் பாலம் திறந்த வருடம். நான் வேலை பார்த்த கிடங்கு தீப்பிடித்து மூன்று நாள் புகைந்ததும் அதே வருடம்தான். அப்போது அவள் அடுக்கியதை இன்று மருமகள் கலைத்துவிட்டாள். மூடி இல்லாத டப்பா பதினொன்று, டப்பா இல்லாத மூடி பதினாறு! "மாமா, இந்த மூடியெல்லாம் யாருக்காகக் காத்துக்கிட்டிருக்கு?" என்றாள். சிரித்துவிட்டேன்.

நாற்பது வருடம் மூட்டை அடுக்கினவன் சொல்கிறேன், அவளுக்கு அடுக்கும் கை. கனமானது கீழே, தினம் எடுப்பது இடுப்பு உயரத்தில். யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இதை எழுதுவது நான் இல்லை, போன். நான் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது என்பது அதோடு இருக்கட்டும். மகனுக்கே தெரியாது.

மார்ச் 5

புதுக் கண்ணாடி பாட்டில்கள் வந்தன. இருபத்துநாலு. பளபளவென்று, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. ராத்திரியே மருமகள் மளிகையெல்லாம் அவற்றில் நிரப்பிவிட்டாள்.

மார்ச் 6, புதன்

மாட்டிக்கொண்டேன்.

ஆபீசுக்குக் கிளம்பும்போது ஒரு தாளைக் கையில் கொடுத்தாள். "லேபிள் மாமா. பாட்டில்ல ஒட்டி வச்சிருங்க, சாயந்தரம் வந்து அடுக்கிக்கிறேன்." தாள் முழுக்கக் கறுப்புப் பூச்சிகள். மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, படிக்க முடியாது என்று போன மாதமே சொல்லியாயிற்று. புதுசு மூக்கின்மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ன சொல்ல?

கடுகு சின்னது, அதற்குக் குட்டைச் சொல்லாக இருக்கும். அரிசி மூட்டை மூட்டையாக வருவது, அதற்கு நீளமானது. இப்படி யோசித்து இருபத்துநாலையும் ஒட்டினேன்.

சாயந்தரம் மகன்தான் முதலில் பார்த்தான். "என்னப்பா, அரிசிமேல வெந்தயம்னு போட்டிருக்கு! அந்தக் கண்ணாடிக் கடைக்காரன் உன்னை நல்லா ஏமாத்திட்டான்." ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

மருமகள் ஒரு பாட்டிலை எடுத்தாள். கவிழ்த்துப் பிடித்துப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "என் தப்புங்க, மங்கலா அச்சடிச்சுட்டேன்" என்றாள் அவனிடம்.

கண் மங்கினவன் மாற்றி ஒட்டுவான். தலைகீழாகவா ஒட்டுவான்? தெரிஞ்சு போச்சு அவளுக்கு. எழுபத்தெட்டு வயசுல இது தேவையா எனக்கு?

மார்ச் 7

மருமகள் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் பயம்.

மார்ச் 9, சனி

காலையில் டீ போடப் போனேன். ஒரு பாட்டிலிலும் லேபிள் இல்லை.

"அடுப்பு ஆவில எல்லாம் உரிஞ்சிடுச்சு மாமா. விட்டுத்தள்ளுங்க, கண்ணாடிதானே, உள்ள இருக்கிறது தெரியுது."

மேல்தட்டுவரை எந்த ஆவி போயிற்று? அவள் நகமெல்லாம் பசை. உப்புக்கு ஒரு சிவப்பு ரப்பர் பேண்டு, சர்க்கரைக்கு இரண்டு, மாவுக்கு ஒன்றும் இல்லை. "வெள்ளையா இருந்தா எனக்கே குழம்புது" என்றாள். குழம்புகிறதாம்! வீடு முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கிறவளுக்கு!

அவளுக்கும் சேர்த்து டீ போட்டேன். "சர்க்கரை சரியா இருக்காம்மா?"

"ரெண்டு ரப்பர் பேண்டுல எடுத்தீங்கன்னா சரியாத்தான் இருக்கும்."

இருவரும் சிரித்தோம். மகன் எட்டிப்பார்த்தான். "என்ன?" "உங்களுக்குப் புரியாது, போங்க" என்றாள்.

எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். அண்ணன் போய்விட்டான். என் கையெழுத்தைப் படம் மாதிரி வரையக் கற்றுத்தந்த கிடங்கு மேஸ்திரி போய்விட்டார். மனைவி போய் ஆறு வருடம்.

உயிரோடு இருப்பது ஒருத்தி. என் மருமகள்.