ஐம்பத்தெட்டாவது மில்லியில் ஒரு குழி

ஜூலை எட்டு, சனிக்கிழமை, காலை ஆறு மணி இருபது நிமிடம். என் முன்னால் மேசைமேல் மரம் சீவும் இழைப்புளிகள் ஏழு. ஆறு நல்ல நிலையில் இருக்கின்றன, ஒன்று அப்படி இல்லை.

அன்பு மகள் வாலுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், என் மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதுகிறேன். நீ நலம்தானே, சளி விட்டதா, மரத்தூசிக்கு மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னேனே, செய்கிறாயா. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, போட்டதும் முதல் வேலையாக வீட்டில் எங்கெங்கே ஒட்டடை இருக்கிறது என்று எண்ணிச் சொன்னாள், பழைய கண்ணாடியே தேவலாம் போல இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி மறுபடி ஒழுகுகிறது. சித்தப்பா போன வாரம் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “அண்ணே, உனக்கு இருக்கறது ஒன்பதரை விரல், அதுக்கு ஏழு இழைப்புளியா? சாப்பாட்டு மேசைய விட அலமாரி பெருசா இருக்கு” என்று கிண்டல் பண்ணிவிட்டுப் போனான். அழுத்து இயந்திரத்தில் என் வலது ஆள்காட்டி விரலின் நுனி போய்ப் பதினான்கு வருஷம் ஆகிறது, அவனுக்கு மட்டும் அந்த நகைச்சுவை இன்னும் தீரவில்லை. வழக்கமாகத் திருப்பி ஏதாவது சொல்வேன். அன்றைக்கு அந்த ஏழாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நீ செய்து அனுப்பிய இழைப்புளியை நான் உடைத்துவிட்டேன். நீ திருப்பிக் கேட்டபடி தபாலில் அனுப்பிவிட்டேன் என்று போன சனிக்கிழமை உன்னிடம் சொன்னது பொய். பெட்டி இந்த வீட்டைவிட்டு வெளியே போகவே இல்லை. நீ தினமும் விடுதி வாசலில் போய் விசாரித்துக்கொண்டிருப்பாய், அங்கே இருப்பவரிடம் கோபித்துக்கொள்ளாதே, அவர்மேல் தப்பு இல்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கோபத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள். உன் பெட்டி வந்தது மே இருபத்தெட்டு காலையில். பிரித்ததும் மர வாசனையும் மெழுகு வாசனையும் சேர்ந்து வந்தது. ஏழு வந்த பிறகும் எட்டாவது வேண்டும் என்று தோன்றும் எனக்கு, அது உனக்குத் தெரியும், உன்னையும் கெடுத்தது நான்தானே. தொழிற்சாலையில் நாள் முழுக்க நான் பார்ப்பது இரும்பு. பொத்தானை அழுத்தினால் இயந்திரம் வெட்டும், நான் அளந்து சரி அல்லது தப்பு என்று முத்திரை குத்துவேன், அவ்வளவுதான் என் வேலை. வீட்டுக்கு வந்து ஒரு மர இழைப்புளியைக் கையில் எடுத்தால்தான் வேலை செய்த மாதிரி இருக்கும். இரும்பில் வருகிற இழைப்புளி கையைச் சில்லென்று தள்ளும், மரக்கட்டை நாலு தள்ளலில் கையின் சூட்டுக்கு வந்துவிடும். வெட்டும் தகட்டை முன்னால் ஒரு தட்டு தட்டினால் முடியளவு இறங்கும், பின்னால் ஒரு தட்டு தட்டினால் ஏறும், திருகாணி கிடையாது, காதால் கேட்டுத்தான் சரி பண்ண வேண்டும். தப்பாக இருந்தால் டக்டக்கென்று திக்கும். சரியாக இருந்தால் சர்ரென்று ஒரே மூச்சில் போகும், இழைப்புளியின் வாய் வழியாகச் சுருள் எழுந்து மணிக்கட்டில் விழும், அதைக் கண்ணில் வைத்தால் ஜன்னல் தெரியும். நாலு பேர் முன்னால் நிற்கும் வரிசையில் எனக்குப் பொறுமை இருக்காது, இந்த ஒரு வேலையில் மட்டும் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நின்று யோசிப்பேன். எந்திரத்தில் பத்து நிமிஷத்தில் முடிகிறதை இரண்டு மணி நேரம் செய்வானேன் என்று அம்மா கேட்பாள். அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான்.

அப்படிப்பட்டவன் உன்னுடையதை என்ன செய்தேன் தெரியுமா. கையில் பிடிப்பதற்கு முன்னால் வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். வேறு யாராவது செய்ததாக இருந்தால் முதலில் ஒரு பலகையில் ஓட்டிப் பார்த்திருப்பேன். என் மகள் செய்தது என்றதும் அளந்து பார்க்கத்தான் தோன்றியது. அடிப்பாகம் சமம், ஓரங்கள் மூலைமட்டத்துக்குச் சரி, வாயின் இடைவெளி என்னுடையதைவிடச் சிறிது, இதற்கெல்லாம் வாய்விட்டுப் பாராட்டினேன், அம்மா சாட்சி. பிறகு வலது பக்கத்தில் ஒரு குழி பார்த்தேன். இடது பக்கத்தில் இல்லை. நோட்டில் எழுதினேன், எழுதியதை அப்படியே தருகிறேன்: “வலது பக்கம், பின்முனையிலிருந்து 58 மில்லி, ஆழம் 3. உளி வழுக்கியிருக்கிறது. சரிசெய்ய வேண்டும்.” அம்மா எட்டிப் பார்த்து, “அவகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத் தொடுங்களேன்” என்றாள். இதில் கேட்க என்ன இருக்கிறது, மூன்று மில்லி எடுத்தால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, என்னிடம் இருப்பதிலேயே நல்ல இழைப்புளியை எடுத்து உன் இழைப்புளியின் விலாவைச் சீவினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, மிகவும் சந்தோஷமாகச் செய்தேன். அவ்வளவு இறுகிய மரத்தில் அவ்வளவு மெல்லிய சுருள் எனக்கு அதுவரை வந்ததில்லை. குழி மறைந்தது. ஒரு பக்கம் மட்டும் மெலிந்தால் கோணலாகத் தெரியுமே என்று இடது பக்கத்திலும் மூன்று மில்லி எடுத்தேன். பத்து மில்லியாக நீ விட்டிருந்த பக்கச் சுவர் இரண்டு பக்கமும் ஏழாகிவிட்டது. தகட்டை வைத்து ஆப்பை இறக்கிச் சுத்தியலால் ஒரு தட்டு, இன்னொரு தட்டு, பட்டென்று ஒரு சத்தம். ஆப்பின் பக்கத்திலிருந்து முன்முனைவரை விரிசல். “யாருக்கோ வைக்கறேன்னு உங்களுக்கே ஆப்பு வச்சுக்கிட்டீங்க” என்று அம்மா சிரித்தாள், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

அதுவரைக்கும் அது வெறும் விபத்து. அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். “அப்பா, பிடிச்சுப் பாத்தீங்களா? பிடிச்சதும் ஒண்ணு தெரிஞ்சுதா?” என்று கேட்டாய். கட்டையின் எடையைக் கேட்கிறாய் என்று நினைத்துக்கொண்டு, தெரிந்தது, அருமை என்று சொல்லிவிட்டேன். நீ, “எனக்குத் தெரியும், அப்பாவுக்கு மட்டும் சொல்லாமலே புரியும்னு” என்றாய். போனை வைத்ததும் அம்மா, “என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?” என்று கேட்டாள். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் கதவு ஓரத்தைச் சீவ என் பழைய இழைப்புளியை எடுத்தேன், பதினோரு வருஷமாக நான் தள்ளுகிறதை. என் குட்டை விரல் எப்போதும் போய் உட்காரும் இடத்தில் மரம் தேய்ந்து கண்ணாடி மாதிரி பளபளத்தது. எதற்கென்று தெரியாமலே வெர்னியரை வைத்தேன். பின்முனையிலிருந்து ஐம்பத்தெட்டு.

போன தடவை ஊருக்கு வந்தபோது அந்த அலமாரி முன்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தாயே, படம் வரைகிறாய் என்று நினைத்தேன். முழு விரல் உள்ளவனுக்கு அந்த இடத்தில் குழி தேவையே இல்லை. உலகத்தில் ஒரே ஒரு கைக்கு மட்டும் சரியாக இருக்கும் குழி அது, அதை நான் உளி வழுக்கியது என்று எழுதி இழைத்துத் தள்ளினேன். பத்தொன்பது வயதில் உனக்குத் தெரிந்தது முப்பத்தொன்பதில் எனக்குத் தெரியவில்லை. உன் விடுதிக் காப்பாளர் என்னைப் பார்த்து அண்ணனா என்று கேட்டதற்குப் பெருமைப்பட்டேன், அப்பா என்று சொல்ல இப்போதுதான் கூச்சமாக இருக்கிறது.

சொல்ல மூன்று தடவை முயன்றேன். நீ எடுத்ததும் சிரித்துக்கொண்டே பேச ஆரம்பிக்கிறாய், நான் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். இதற்குள் நீ சேர ஆசைப்படும் அந்தப் பெரிய பட்டறையில் பயிற்சிக்கு எட்டுப் பேரை எடுக்கிறார்கள் என்றாய், இன்னொருவர் கைக்கென்று செய்த கருவி ஒன்றை இருபத்திரண்டாம் தேதி கொண்டுபோக வேண்டும் என்றாய், “அத அனுப்புங்கப்பா, வேற எதுவும் எங்கிட்ட இல்ல” என்றாய். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பசை போட்டு ஒட்டி, குழியை மறுபடி தோண்டி, உனக்குத் தெரியாமல் அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஒட்டியும் பார்த்தேன். ஏழு மில்லிச் சுவரில் மூன்று மில்லி தோண்டினால் நிற்காது, அப்படியே நின்றாலும் அது என் வேலை, உன் வேலை இல்லை. ஒட்டியதைப் பிரித்துவிட்டேன். இந்தத் திருட்டுத்தனத்தில் ஒரு வாரம் போய்விட்டது. உன்னுடைய வாரம் அது, என்னுடையது இல்லை. அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன், மரத்துக்கு இல்லை. முதல் ஒன்றை ஒன்பது நாளில் செய்தேன் என்று சொன்னாய். இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது. செய்வதா, இந்தப் பட்டறையையே விடுவதா, அது உன் முடிவு, நான் யோசனை சொல்லும் தகுதியில் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, ஆத்திரத்தில் உளியைத் தீட்டாதே, பட்டறைக்குள் செருப்போடு போகாதே. நீ நினைத்தது நினைத்தபடி கைகூடி, நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். பெட்டி கைக்கு வந்ததும் மேல்சீட்டைக் கிழிக்காமல் வைத்துக்கொள், நான் அனுப்பிய தேதி அதில்தான் இருக்கும், இனி என் வாயை நம்பாதே.

உன் அப்பா

இனி நான் செய்யப் போவது:

1. இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து இப்போதே உன் போனுக்கு அனுப்புவேன். அசல் பெட்டிக்குள் வரும்.

2. ஒன்பது மணிக்குக் கூரியர் கடை திறந்ததும் பெட்டியைக் கொடுப்பேன். உள்ளே உன் இழைப்புளி, விரிசல் எப்படி இருக்கிறதோ அப்படியே. ஆப்பும் தகடும் தனித்தனிக் காகிதத்தில்.

3. கூடவே என் பழையதையும் வைக்கிறேன். மறுபடி அளக்க வேண்டுமானால் அளந்துகொள். வேண்டாம் என்றால் மூலையில் போடு.

4. நோட்டில் “உளி வழுக்கியிருக்கிறது” என்று எழுதிய பக்கத்தைக் கிழித்து, அதன் அடியில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேர்வு செய்பவர்களுக்குக் காட்டத் தருகிறேன். காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

5. நீ புதிதாகச் செய்தால், அதை அளக்க மாட்டேன்.

6. பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன். நீ எடுக்காவிட்டால் பதினொன்றுக்கு. எடுத்தால், நீ திட்டி முடிக்கும்வரை குறுக்கே பேச மாட்டேன்.