அண்ணி கேட்ட கேள்வி

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நான் நலம். உன் நலத்தை விசாரிக்க இன்றைக்கு மனசு வரவில்லை.

நர்ஸ் என்றால் ஊசி போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதானே? சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெண்களைக் கூட்டி, அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள் என்று வகுப்பெடுக்கிறாய். எடுத்துத் தொலை. என் பெண்டாட்டியை ஏன் கூப்பிட்டாய்? பஸ் டிப்போவில் கண்டக்டர் சிரிக்கிறான்: "என்ன டிரைவரே, உங்க வீட்டுக் கதை தங்கச்சி கிளாஸ்ல ஓடுதாமே?"

அப்பா போனபின் உன்னைப் படிக்கவைத்தவன் நான். என் முகத்திலேயே கரி பூசுகிறாயே! 'எங்க அண்ணன் அப்படியில்ல' என்று அடுத்த வகுப்பில் எல்லாரிடமும் சொல்.

அண்ணன்

மார்ச் 6

அண்ணனுக்கு,

அண்ணியை நான் கூப்பிடவில்லை. தானாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். "தெரிஞ்சவங்க அடி வாங்கினா மூடி மறைக்காதீங்க" என்று நான் சொன்னதும் எழுந்து நின்றார்.

"அடிக்கிறது உங்க அண்ணனா இருந்தா என்ன பண்ணுவீங்க, சிஸ்டர்?"

வீட்டில் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். முப்பது பெண்கள் என்னையே பார்த்தார்கள். தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

போன வருஷம் அண்ணியின் மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டது நான். "படிக்கவெச்சவன் கேட்கிறேன், எழுதும்மா" என்று நீ சொல்ல, 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று ரெஜிஸ்டரில் எழுதியதும் நான்தான். அன்றிலிருந்து அண்ணியின் கண்ணைப் பார்த்துப் பேசியதில்லை.

நாளை வகுப்பு. நீ சொல்லச் சொன்னதைச் சொல்ல மாட்டேன்.

தங்கை

மார்ச் 11

நர்ஸம்மாவுக்கு,

'எங்க அண்ணனா இருந்தாலும் போலீசுக்குப் போவேன்' என்று சபையில் முழங்கினாயாமே. அன்று சாயங்காலமே அவள் சூட்கேஸோடு உன் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரெண்டு தட்டுத் தட்டினால் குடி முழுகிவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். அவள் கிளம்பி நிற்கவேண்டும். பொய் எழுதினவள் நீ. வெளியே வந்தால் உன் வேலை போகும். யோசித்துக்கொள்.

மார்ச் 14

அண்ணனுக்கு,

யோசித்தேன். நேற்று பெரிய டாக்டரிடம் ரெஜிஸ்டரைக் காட்டி, நான் எழுதியது பொய் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேலை இருக்குமா இல்லையா என்பது பதினைந்து நாளில் தெரியுமாம். பிறகு அண்ணியும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். புகாரில் சாட்சியாக என் பெயர் இருக்கிறது. உன்னைக் கூப்பிடுவார்கள்.

இதை இன்றைக்கே டிப்போவில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு இங்கே வராதே. வந்த நாளிலிருந்து அண்ணி நேரம் காலம் இல்லாமல் தூங்குகிறார். கதவைத் தட்டி எழுப்பிவிடாதே.